ரோஷெல் உப்புப் படிகத்தின் தயக்கக் கண்ணி: சேலத்தில் கிடைக்காதது, ஏற்காட்டில் கிடைத்தது

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் பழைய ரிக்கார்டு பிளேயர் ஒன்று என் பட்டறைக்குப் பழுது பார்க்க வந்தது. மோட்டார் சுற்றியது, ஆம்ப்ளிஃபயரும் நன்றாக இருந்தது, ஆனால் ஒலி மட்டும் வரவில்லை. ஊசியைத் தாங்கியிருக்கும் பிக்கப்பைத் திறந்தபோது, படிகத் துண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஈரம் கசிந்து இறுகிப்போன வெண்பொடிதான் இருந்தது. அந்தக் காலத்துப் பிக்கப்புகளிலும் கிரிஸ்டல் மைக்குகளிலும் ரோஷெல் உப்பு என்னும் பொட்டாசியம் சோடியம் டார்டரேட்டின் படிகத்தைத்தான் வைத்தார்கள். அழுத்தினால் மின்னழுத்தம் தரும் பொருள்களை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தபோது, குவார்ட்ஸோடு இந்த உப்பும் அவர்கள் பட்டியலில் இருந்தது. சுமார் 55 டிகிரி வெப்பத்திலேயே இது உருக்குலைந்துவிடும். காற்று மிகவும் ஈரமானால் கரையும், மிகவும் உலர்ந்தால் தன்னுள் இருக்கும் நீரை இழந்து பொடியாகும். நம் ஊர்க் கோடையையும் மழையையும் இத்தனை ஆண்டுகள் தாங்கியதே பெரிது.

வாடிக்கையாளருக்கு ஒரு செராமிக் பிக்கப்பைப் பொருத்திக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த வெண்பொடியை என்னால் விட முடியவில்லை. காந்தத்தில் இரும்பு காட்டும் குணத்தை மின்சாரத்தில் முதன்முதலில் காட்டிய பொருள் இதுதான் என்பது தெரிந்திருந்ததால், அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

எந்தக் காப்புப்பொருளை மின்புலத்தில் வைத்தாலும் அதனுள் இருக்கும் மின்னூட்டங்கள் சிறிது நகரும். எலக்ட்ரான் மேகம் ஒரு பக்கம் சாயும், நேர்மின், எதிர்மின் அயனிகள் எதிரெதிரே விலகும், ஒரு முனை நேர்மின்னும் மறுமுனை எதிர்மின்னுமாகத் திரும்பக்கூடிய இருமுனைகள் இருந்தால் அவை புலத்தின் திசையை நோக்கித் திரும்பும். இதையே மின்முனைவாக்கம் என்கிறோம். கண்ணாடியிலும் மைக்காவிலும் புலம் கூடினால் முனைவாக்கம் அதே விகிதத்தில் கூடும். புலத்தை நீக்கினால் அதுவும் நீங்கும். ரோஷெல் உப்பு அப்படி நடந்துகொள்வதில்லை. அதனுள் அடுத்தடுத்த இருமுனைகள் ஒன்றையொன்று ஒரே திசையில் பிடித்துவைப்பதால், புலம் போன பிறகும் முனைவாக்கம் மிஞ்சியிருக்கிறது. அதை எதிர்த்திசைக்குத் திருப்ப வேண்டுமானால் எதிர்ப்புலத்தை ஓர் அளவுக்கு மேல் கொடுத்தாக வேண்டும். மாறுதிசைப் புலத்தில் இதை வரைந்து பார்த்தால், போன வழி ஒன்றாகவும் திரும்பி வந்த வழி வேறொன்றாகவும் அமைந்து நடுவே பரப்புள்ள ஒரு கண்ணி கிடைக்கும். இதுதான் தயக்கக் கண்ணி. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வாலசெக் 1920இல் இதைக் கண்டு, இரும்பின் காந்தத் தயக்கத்தோடு ஒப்பிட்டுச் சொன்னார். இரும்பு ஓர் அணுகூட இல்லாத பொருளுக்கு ஃபெர்ரோமின்பொருள் என்ற பெயர் வந்தது அந்த ஒப்புமையால்தான்.

உப்பை நானே தயாரித்தேன். பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் 200 கிராம் கிரீம் ஆஃப் டார்டார் வாங்கினேன். புளிக்குப் புளிப்பைத் தரும் டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்புதான் அது. 90 கிராம் சமையல் சோடாவை எவர்சில்வர் வாணலியில் நன்றாக வறுத்தபோது நீரும் கரியமில வாயுவும் வெளியேறி, ஏறத்தாழ 57 கிராம் சோடியம் கார்பனேட் மிஞ்சியது. 250 மில்லி வெந்நீரில் டார்டாரைக் கலக்கி, கார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பொங்கி அடங்கும். பொங்குவது நின்றதும் வடிகட்டி ஆறவைத்தேன். அடியில் விழுந்த சிறு படிகங்களில் குறையில்லாத ஒன்றை எடுத்து, மெல்லிய நைலான் இழையில் கட்டி, தெளிந்த கரைசலில் தொங்கவிட்டேன். பகல் வெப்பத்தில் படிகம் கரைவதும் இரவில் தாறுமாறாக வளர்வதுமாக இரண்டு படிகங்கள் வீணாயின. பிறகு கரைசல் பாத்திரத்தைப் பெரிய நீர்க்குடத்துக்குள் இறக்கி, குடத்தைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்ததும் வெப்பநிலை நிலைத்தது. மூன்று வாரத்தில் 5 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற ஒரு தூண் வளர்ந்து நின்றது.

இந்தப் படிகத்தை ரம்பத்தால் அறுக்கக் கூடாது, விரிசல் விடும். நனைத்த பருத்தி நூலை முன்னும் பின்னுமாக இழுத்தால், நூலில் உள்ள நீர் உப்பைக் கரைத்துக்கொண்டே வழி செய்யும். ஓர் அறுப்புக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. வெறுங்கையின் சூடுகூடச் சில நேரம் விரிசலை உண்டாக்கும் என்பதால் துணியால் பிடித்தேன். பிறகு கண்ணாடியின் மேல் விரித்த ஈரத்துணியில் தேய்த்து, 2 மி.மீ. தடிமனுக்குக் கொண்டுவந்தேன். முனைவாக்கம் திரும்பும் குணம் இந்தப் படிகத்தில் ஒரே ஓர் அச்சில்தான் உண்டு. அது தூணின் நீளவாட்டில் இல்லை, குறுக்கே இருக்கும் இரண்டு அச்சுகளில் ஒன்று. எது என்பதை முகங்களைப் பார்த்து என்னால் உறுதிசெய்ய முடியாததால், ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் இரண்டு தகடுகளை வெட்டினேன். பின்னால் இந்த இரண்டாம் தகடு செய்த உதவி பெரியது.

கண்ணியைக் காட்டும் சுற்றை 1930இல் சாயர், டவர் என்ற இருவர் இதே உப்பை ஆராய்வதற்காகவே அமைத்தார்கள். படிகத் தகட்டோடு தொடராக, அதைவிடப் பன்மடங்கு பெரிய, ஒழுங்கான ஒரு மின்தேக்கியை இணைக்க வேண்டும். தொடர்ச் சுற்றில் இரண்டிலும் ஒரே மின்னூட்டமே ஏறும் என்பதால், பெரிய மின்தேக்கியின் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தைப் பார்த்தால் படிகத்தின் முகத்தில் எவ்வளவு மின்னூட்டம் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆசிலோஸ்கோப்பின் கிடை அச்சுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம், குத்து அச்சுக்கு இந்த மின்னூட்டம், அவ்வளவே சுற்று. நான் 0.1 மைக்ரோஃபாரட் பாலிபுரோப்பிலீன் மின்தேக்கியைப் போட்டேன். 230 வோல்ட்டை 12 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து, முன்னால் ஒரு வேரியாக்கை வைத்ததால், மின்கம்பியிலிருந்து பிரிக்கப்பட்ட, கூட்டிக் குறைக்கக்கூடிய மின்னழுத்தம் கிடைத்தது. உச்ச அளவில் 170 வோல்ட் வரை கொடுத்தேன். இது உயிருக்கு ஆபத்தான அளவு. வெளியீட்டில் ஒரு 100 கிலோ ஓம் மின்தடையைத் தொடராகப் போடாமல் யாரும் இதைச் செய்ய வேண்டாம். கிடை அச்சுக்கு 10 மெகா ஓம், 100 கிலோ ஓம் மின்தடைகளால் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைத்துக் கொடுத்தேன். படிகத்தின் இடத்தில் ஒரு மைக்கா மின்தேக்கியைப் போட்டபோது நேர்கோடு வந்தது. சுற்று சரி.

வைகாசியில், அறை வெப்பநிலை 34 டிகிரியாக இருந்த ஒரு நாள், முதல் தகட்டில் அலுமினியத் தாளை வாஸ்லின் தடவி ஒட்டி, மின்னழுத்தத்தை ஏற்றினேன். நேர்கோடுதான் வந்தது, அதுவும் கிட்டத்தட்டப் படுத்திருக்கும் கோடு. இரண்டாம் தகட்டிலும் அப்படியே. இரண்டு நாள் இணைப்புகளைச் சோதித்தேன், பயனில்லை.

என் தம்பி மகள் கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, “பெரியப்பா, இதுக்கு கியூரி பாயிண்ட் 24 டிகிரிங்க. நீங்க 34ல வச்சுப் பாத்தா எப்படிங்க வரும்?” என்றாள். கியூரி பாயிண்ட் என்ற வெப்பநிலைக்கு மேல் இந்தக் குணம் மறைந்துவிடும் என்பது நான் படித்திருந்த செய்திதான். ஆனால் வெப்பநிலை என்றால் எரியும் அடுப்பும் கொதிக்கும் நீருமாக மனம் எண்ணிக்கொண்டிருந்ததால், நாம் உட்கார்ந்திருக்கும் அறையே அளவுக்கு மீறிய சூடு என்பது உறைக்கவில்லை. ரோஷெல் உப்புக்கு இதில் ஒரு தனித்தன்மை உண்டு. மேலே 24 டிகிரி, கீழே பூச்சியத்துக்கும் கீழ் 18 டிகிரி என்று அதற்கு இரண்டு எல்லைகள். இடைப்பட்ட வெப்பநிலையில் மட்டுமே முனைவாக்கம் தானாக நிற்கிறது. 24க்கு மேலே வெப்பக் கிளர்ச்சி அந்தப் பிணைப்பைக் குலைத்துவிடுவதால், வெறும் அதிக விடுதிறன் (புலத்தில் முனைவாக்கம் பெறும் அளவு) கொண்ட காப்புப்பொருளாகிவிடுகிறது.

ஐஸ் பெட்டியில் வைத்தும் பார்த்தோம். குளிர்ந்த படிகத்தின் மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்து, ஒரு மூலை கரைந்து போனது. “மார்கழில ஏற்காடு போயிடலாங்க பெரியப்பா, அங்க ரூமே ஐஸ் பெட்டிதான்” என்று அவள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், என் மைத்துனர் வேலை பார்க்கும் காப்பித் தோட்டத்தில் ஒரு வீடு இருக்கிறது.

மார்கழிக்குக் காத்திருந்த மாதங்களில் இன்னொரு பிழை அகப்பட்டது. 34 டிகிரியில் முதல் தகட்டின் ஒப்புமை விடுதிறன், கியூரி பாயிண்டை விட்டு வெப்பநிலை மேலே போகப் போக விடுதிறன் குறையும் என்று சொல்லும் கியூரி-வைஸ் விதிப்படி கணக்கிட்டால், சுமார் 200 வர வேண்டும். 1 சதுர சென்டிமீட்டர் மின்முனைக்கும் 2 மி.மீ. தடிமனுக்கும் அது 90 பிகோஃபாரட். என் மீட்டரோ 45தான் காட்டியது. காரணம் வாஸ்லின். இரு பக்கமும் சேர்த்து ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம் இருந்தாலும், அதன் விடுதிறன் 2 சொச்சமே என்பதால், அந்த மெல்லிய பூச்சு ஏறத்தாழ 2 மி.மீ. படிகத்துக்குச் சமமாக நின்று மின்னழுத்தத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது. குளிரில் நிலைமை இன்னும் மோசமாகும்: படிகத்தின் முனைவாக்கம் முழுதாகத் திரும்பும்போது அந்தப் பூச்சின் குறுக்கே மட்டும் 1,700 வோல்ட் தேவைப்படும் என்று கணக்கு சொன்னது. என்னிடம் இருப்பதோ 170. அந்தத் தகட்டை அப்படியே ஏற்காட்டுக்குக் கொண்டுபோயிருந்தால், குளிரிலும் ஒன்றும் தெரிந்திருக்காது. நான் உப்பைக் குறைசொல்லிக்கொண்டு திரும்பியிருப்பேன்.

ஆகவே இடையில் எதுவுமே இல்லாமல் உலோகம் படிகத்தைத் தொட வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் பட்டறை ஒன்றில் மெல்லிய வெள்ளித் தகடு கேட்டேன். அங்கிருந்த பெரியவர் நான் கேட்பதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தகடு ஒட்டாது, இனிப்பின் மேல் ஒட்டுகிற வெள்ளித் தாளை வாங்கிப் பாருங்கள் என்றார். மிகச் சரியான யோசனை. படிக முகத்தின் மேல் வாயால் ஒருமுறை ஊதினால், மூச்சின் ஈரத்தில் மேற்பரப்பு நூலளவு கரையும். அப்போது தாளை வைத்துப் பஞ்சால் ஒற்றினால், உலரும்போது உப்போடு உப்பாகப் பிடித்துக்கொள்கிறது. மீட்டர் 86 பிகோஃபாரட் காட்டியது.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மாலையில் போய்ச் சேர்ந்தோம். அறையில் 17 டிகிரி. சன்னலுக்கு வெளியே பனிமூட்டம் சில்வர் ஓக் மரங்களை மறைத்துக்கொண்டிருந்தது. மின்னழுத்தத்தை ஏற்றியதும் திரையில் கொழுத்த நீள்வட்டம் ஒன்று விரிந்தது. இருவரும் மகிழ்ந்துபோனோம். ஒரு கால் மணி நேரம் கழித்து, ஒப்பிடுவதற்காக இரண்டாம் தகட்டைப் போட்டேன். அதிலும் நீள்வட்டம். அந்தத் திசையில் விடுதிறன் 10 அளவே; கோடு ஏறக்குறைய படுத்துக் கிடக்க வேண்டும். ஆக நாங்கள் பார்த்தது முனைவாக்கம் அன்று, கசிவு. பனியின் ஈரம் படிகத்தின் விளிம்பில் மெல்லிய உப்புநீர்ப் படலமாகப் படிந்து, அதன் வழியே மின்னோட்டம் ஒழுகியிருக்கிறது. மைக்கா மின்தேக்கிக்கு இணையாக ஒரு 10 மெகா ஓம் மின்தடையைப் போட்டுப் பார்த்தோம். அதே நீள்வட்டம் வந்தது.

திரையில் பரப்புள்ள வளையம் வந்துவிட்டால் அது ஃபெர்ரோமின்பொருள் என்று எண்ணுவது, ஆய்வுக்கூடங்களிலேயே நடக்கும் தவறு. இதைச் சுட்டிக்காட்ட ஜேம்ஸ் ஸ்காட் என்ற இயற்பியலாளர் 2008இல் வாழைப்பழத் தோலில் மின்முனைகளை வைத்து, அழகான மூடிய வளையம் ஒன்றை எடுத்து வெளியிட்டார். தோட்டத்து வீட்டில் மலைவாழைப்பழம் இருந்ததால் நாங்களும் செய்தோம். வளையம் வந்தது, ஆனால் மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பெருத்துக்கொண்டே போனதே தவிர, எங்கும் நிறைவுறவில்லை. முனைகள் உருண்டையாகவே இருந்தன. உண்மையான முனைவாக்கமாக இருந்தால், எல்லா இருமுனைகளும் திரும்பி முடிந்த பிறகு மேற்கொண்டு திரும்ப எதுவும் இல்லாததால், முனைகள் கூர்ந்து படுத்துவிட வேண்டும். இந்த வேறுபாட்டை அவள் குறிப்பேட்டில் வரைந்துகொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் தகட்டைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இரண்டு மணி நேரம் மட்டும் வைத்தோம். இரவு முழுதும் வைத்தால் படிகத்துக்குள் இருக்கும் நீரையும் அது உறிஞ்சிவிடும். பிறகு மருந்துக்கடையில் வாங்கிய லிக்விட் பாராஃபினில் தகட்டையும் இணைப்புகளையும் மூழ்க வைத்தோம். அந்த எண்ணெயில் உப்பு கரையாது, ஈரமும் அண்டாது. கூடவே ஒரு வெப்பமானியின் குமிழையும் எண்ணெயில் இறக்கினேன். இரண்டாம் தகடு இப்போது மெல்லிய படுத்த கோட்டைக் காட்டியது. முதல் தகட்டை இணைத்தேன். 17 டிகிரி. உச்ச மின்னழுத்தம் 25 வோல்ட்டாக இருக்கும் வரை இலை போன்ற ஒரு மெல்லிய வடிவமே இருந்தது. 40 வோல்ட்டைத் தாண்டியதும் அது சட்டென்று வயிறு பெருத்தது. 120ஐக் கடந்தபோது இரு பக்கங்களும் செங்குத்தாக நிமிர்ந்து, முனைகள் கூர்ந்து படுத்து, புத்தகத்தில் பார்த்த அதே கண்ணி திரையில் நின்றது. அவள் ஒன்றும் பேசவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கிடை அச்சில் புலம் பூச்சியமாகும் இடத்தில் குத்து அச்சு 1.7 வோல்ட் காட்டியது. 0.1 மைக்ரோஃபாரடில் 1.7 வோல்ட் என்றால் 0.17 மைக்ரோகூலும், மின்முனையின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர் என்பதால் அதுவே எஞ்சிய முனைவாக்கம். இந்த உப்புக்கு 5 டிகிரி அருகே கிடைக்கும் உச்ச அளவு சுமார் 0.25 என்பதால், 17 டிகிரிக்கு இது பொருத்தமானதே. முனைவாக்கம் பூச்சியத்தைக் கடக்கும் புலம், 2 மி.மீ.க்கு 40 வோல்ட், அதாவது சென்டிமீட்டருக்கு 200 வோல்ட். கண்ணியின் பரப்பு ஒவ்வொரு சுழற்சியிலும் வெப்பமாகும் ஆற்றலைக் குறிக்கிறது. நொடிக்கு 50 சுழற்சி என்ற கணக்கில் அது என் தகட்டில் 1.4 மில்லிவாட் அளவு வருகிறது. சிறிய அளவுதான், இருந்தாலும் தகடு தானே சூடாகி அளவீட்டைக் கெடுக்கக் கூடாது என்று, பார்க்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் மின்னழுத்தத்தை இறக்கியே வைத்தோம்.

பத்து மணிக்கு மேல் பனி விலகி, வெயில் சன்னல் வழியே மேசையின் மேல் விழுந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை வெயிலுக்கு நகர்த்தினோம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே மலையேறியிருக்கலாம். வெப்பமானி மெதுவாக ஏற, கண்ணி குள்ளமாகிக்கொண்டே வந்தது. 21 டிகிரியில் 1.1 வோல்ட். 23இல் 0.6. அதன் பிறகு இரு பக்கங்களும் ஒன்றையொன்று நெருங்கி, 24ஐக் கடந்ததும் நடுவில் பரப்பே இல்லாமல், நுனிகள் மட்டும் சற்று வளைந்த ஒற்றைக் கோடாகிவிட்டது. கிண்ணத்தை நிழலுக்குக் கொண்டுபோனோம். 23க்கு இறங்கியதும் கோடு பிளந்து மீண்டும் கண்ணியானது. கசிவு இப்படி 24 டிகிரியைத் தெரிந்துவைத்துக்கொண்டு மறையாது. சூடேறினால் கசிவு கூடத்தான் செய்யும். முந்தைய நாள் மாலை எங்களை ஏமாற்றிய நீள்வட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டியிருக்காது. ஆறு முறை வெயிலுக்கும் நிழலுக்குமாகக் கிண்ணத்தை மாற்றி மாற்றி வைத்தோம், ஆறு முறையும் அதே இடத்தில் மூடித் திறந்தது.

திங்கட்கிழமை சேலத்தில், என் பட்டறையில் 27 டிகிரி. அதே தகடு, அதே எண்ணெய், அதே 170 வோல்ட். கண்ணி இல்லை. ஆனால் வைகாசியில் பார்த்ததுபோல் படுத்த கோடும் இல்லை: கணக்குப்படி 34 டிகிரியில் 0.15 வோல்ட்டுக்கே எழும்பியிருக்க வேண்டிய கோடு, இப்போது 0.4 வோல்ட்டுக்கு நிமிர்ந்து நின்றது. 24 டிகிரியை நெருங்க நெருங்க விடுதிறன் கூடிக்கொண்டே போகிறது என்பதை எண்ணாகவே பார்த்தாயிற்று.

தகட்டை எண்ணெயிலிருந்து எடுத்துத் துடைத்து, மூடி இறுகிய கண்ணாடிச் சீசாவில் வைத்திருக்கிறேன். சீசாவின் அடியில் அதே ரோஷெல் உப்பின் தூளையும், நீர் போக்கிய அதன் பொடியையும் கலந்து பரப்பியிருக்கிறேன். ஈரம் கூடினால் பொடி உறிஞ்சிக்கொள்ளும், குறைந்தால் தூள் விட்டுக்கொடுக்கும். ஐந்து மாதமாகியும் தகட்டின் விளிம்பு வெளுக்கவில்லை. அடுத்த மார்கழிக்கு ஒரு ஃபங்ஷன் ஜெனரேட்டரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய், அதிர்வெண்ணை ஒரு ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் கண்ணியின் அகலம் எவ்வளவு குறைகிறது என்று அளக்க இருக்கிறோம்.